ஜன்னல் கண்ணாடி துடைப்பது எப்படி? முதல்முறை செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஊரில் எங்கள் ஓட்டு வீட்டு ஜன்னலில் மரக்கதவும் நாலு கம்பியும்தான் இருக்கும். மார்கழிக் கடைசியில் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் அந்த வருடத்து வேலை முடிந்தது. மாடிக் குடியிருப்பில் கதை வேறு. கண்ணாடி, கிரில், கொசுவலை, கண்ணாடி ஓடும் சேனல் என்று ஒரே ஜன்னலில் நாலு வேலை இருக்கிறது. சென்னையில் போர் தண்ணீர் வரும் குடியிருப்பில் பல வருடமாக இருக்கிறேன். புதிதாகக் குடிவந்தவர்கள் என்னிடம் கேட்டதையும், நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நன்றாகத்தான் துடைத்தேன். காய்ந்ததும் கண்ணாடி கோடு கோடாக, மங்கலாகத் தெரிகிறதே, ஏன்?

நீங்கள் பார்ப்பது அழுக்கு இல்லை, தண்ணீர் காய்ந்த தடம். நம் ஊர் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். பேச்சில் இதைத்தான் உப்புத் தண்ணி என்கிறோம். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதில் இருந்த உப்பு கண்ணாடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500, கடினத்தன்மை, அதாவது இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை ஏற்கலாம். அந்த 600-ஐயும் தாண்டிய போர்கள் உண்டு. குளியலறைக் குழாயில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும் வீட்டில் ஜன்னல் கண்ணாடியிலும் அதுதான் நடக்கும்.

அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கண்ணாடியில் பட்ட தண்ணீரைத் தானாகக் காய விடாதீர்கள். வழித்து எடுங்கள், இல்லையென்றால் துடைத்து எடுங்கள். கீழே நான் சொல்லப்போகும் பலவும் இதற்காகத்தான்.

வெயில் நேரத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள் என்பதும் இதனால்தான். மேற்கு பார்த்த ஜன்னலில் மதியம் மூன்று மணிக்குக் கை வைத்தால், துணியை நனைத்துப் பிழிவதற்குள் கண்ணாடி காய்ந்துவிடும். அந்த ஜன்னலைக் காலையில் செய்யுங்கள், கிழக்கு பார்த்ததைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அலசுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து வையுங்கள். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து விழுந்த தண்ணீர் அது, உப்பு அநேகமாக இருக்காது. குடிக்கக் கூடாது, கண்ணாடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் வீட்டில் கிடைக்காது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீர் இதற்கு நேர் எதிர். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பெரும்பாலும் வீட்டில் இருப்பதே போதும். இரண்டு பக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று சோப்புத் தண்ணீருக்கு, மற்றது அலசுவதற்கு. ஒரு ஸ்பாஞ்ச், பழைய பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், மூன்று நாலு துணி. கடையில் வாங்க வேண்டியது கண்ணாடி வைப்பர் ஒன்றுதான். தரை தள்ளும் வைப்பரின் தடித்த ரப்பர் இதற்கு உதவாது. ரப்பர் மெல்லியதாக, விளிம்பு நேராக, விரலால் தடவினால் நெருடாமல் இருக்க வேண்டும். விளிம்பு கொஞ்சம் பிய்ந்திருந்தாலும் அந்த இடத்தில் ஒரு தண்ணீர்க் கோடு நிற்கும். லேசான பிடியில் ஒற்றை ரப்பர் பட்டை வைத்த இன்றைய வைப்பருக்கு வழிகாட்டியவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் ஓக்லாந்துக்குப் போய் ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர். 1936-ல் காப்புரிமை பெற்றார். இந்த வேலையைத் தன் கையால் செய்தவர் யோசித்த கருவி என்பதால்தான் அது இன்றுவரை பெரிதாக மாறவில்லை என்று நினைக்கிறேன்.

துணி விஷயத்தில் புதுசைவிடப் பழசு மேல். பல முறை துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டி கிடைத்தால் விடாதீர்கள், அதில் நூல் உதிராது. மெக்கானிக் கடைகளுக்கு வரும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டும் நன்றாக ஈரம் இழுக்கும், வெள்ளைத் துண்டாகப் பார்த்து எடுங்கள். மைக்ரோஃபைபர் துணி வாங்கினால் அதைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரியான வாசனைத் திரவம் ஊற்றாதீர்கள். அதன் பசை இழைகளில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியில் பிசுக்காக வந்து சேரும்.

எதில் ஆரம்பித்து எதில் முடிக்க வேண்டும்?

கண்ணாடி கடைசியில்தான். முதலில் ஒட்டடை, பிறகு கிரில், கொசுவலை, சேனல், சட்டம், அப்புறம் கண்ணாடி. கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துவிட்டுக் கிரிலில் கை வைத்தால் எல்லாத் தூசியும் ஈரக் கண்ணாடியில் வந்து அப்பும்.

இன்னொன்று, தண்ணீர் தொடுவதற்கு முன் காய்ந்த பிரஷால் தூசியைத் தட்டிவிடுங்கள். வீதித் தூசியில் மணல் இருக்கிறது. மணலின் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. எடுத்தவுடன் ஈரத்துணியை அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியை உப்புக்காகிதத்தால் தேய்ப்பது போல ஆகும். கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.

சோப்புத் தண்ணீர் எவ்வளவு? எப்படி வழிப்பது?

அரை பக்கெட் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன். அது இல்லையென்றால் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டில் பாதி. எல்லோரும் சோப்பைக் கூடத்தான் போடுகிறார்கள். நுரை அதிகமானால் அலசும் வேலை இரண்டு மடங்கு, கோடும் அதிகம்.

ஸ்பாஞ்சை நனைத்துப் பாதி பிழிந்து மேலிருந்து கீழே கண்ணாடி முழுக்கத் தடவுங்கள். மூலைகளை விடாதீர்கள், அழுக்கு அங்கேதான் பதுங்கும். உப்புத் தண்ணீர் வீடு என்றால் ஏசி தண்ணீரில் நனைத்த இன்னொரு துணியால் ஒரு முறை சோப்பை எடுத்துவிடுங்கள்.

இனி வைப்பர். முதலில் மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குக் காய்ந்த துணியால் ஒரு கோடு துடையுங்கள். வைப்பர் காய்ந்த இடத்தில் இறங்கினால்தான் சொட்டு வடியாது. ரப்பரை அந்தக் கோட்டில் வைத்து, கைப்பிடியைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்து, ஒரே அழுத்தத்தில் நிறுத்தாமல் கீழே இழுங்கள். பாதியில் நின்றால் அங்கே ஒரு குறுக்குக் கோடு விழும். கீழே வந்ததும் ரப்பரைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த இழுப்பு. போன தடத்தின் மேல் இரண்டு விரல் அகலம் ஏறிக்கொண்டே போக வேண்டும். சரியாக இழுத்தால் ஒரு மெல்லிய ‘சர்ர்’ சத்தம் கேட்கும். கிறீச்சென்று கேட்டால் கண்ணாடி காய்ந்துவிட்டது, மறுபடி நனையுங்கள். நாலாவது ஜன்னலில் கை பழகிவிடும். கடைசியில் நாலு ஓரத்திலும் தேங்கியதைக் காய்ந்த துணியின் முனையை விரலில் சுற்றி எடுத்துவிடுங்கள்.

கிரில் இருக்கிறது. வெளிப்பக்கத்தை எப்படி எட்டுவது?

வெளியே திறக்கும் கதவு என்றால் அதைப் பாதி திறந்து, கிரில் இடைவெளி வழியாகக் கையை விட்டுக் கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துத் துடைக்கலாம். கை நுழையாத டிசைன் கிரில் என்றால் குச்சியில் பழைய சாக்ஸ் மாட்டிக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்லைடிங் ஜன்னலில், ஒரு கண்ணாடியை நகர்த்தி அந்த இடைவெளியில் கை விட்டால் அடுத்ததன் வெளிப்பக்கம் ஓரளவு எட்டும். பல மாடல்களில் கண்ணாடிச் சட்டத்தை மேலே தூக்கி, அடிப்பக்கத்தை உள்ளே இழுத்துக் கழற்றிவிடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் இரண்டு பேர் வேண்டும், கண்ணாடி நினைப்பதைவிடக் கனமானது. கழற்ற விடாமல் தடுக்கும் சின்ன பூட்டு மேல் சேனலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாட்டும்போது ஜன்னலைப் பொருத்தியவரை ஒரு முறை கூப்பிட்டுக் கற்றுக்கொள்வது நல்லது.

சன்ஷேடில் இறங்காதீர்கள். அது வெயிலுக்கும் மழைக்கும் போட்டது, ஆள் நிற்கப் போட்டது இல்லை. மழை ஊறிய பழைய சன்ஷேடு எப்போது பெயரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் இறங்கச் சொல்லாதீர்கள். நம் கைக்கு எட்டாத கண்ணாடி அவர் கைக்கு மட்டும் எப்படி எட்டும்? உயரத்து வெளிப்பக்கத்துக்குக் கயிறும் பெல்ட்டும் வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நாலைந்து வீடாகச் சேர்ந்து வருடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டால் செலவு பெரிதாகத் தெரியாது. உள்ளே நின்று செய்யும்போதும் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறாதீர்கள். ஈரத் தரையில் அதன் கால் விரிந்துகொள்ளும்.

வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை படிந்துவிட்டது. சோப்புக்குப் போகவில்லையே?

போகாது. அது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக் குடும்பம். புளிப்புக்குத்தான் கரையும். மளிகைக் கடை வெள்ளை வினிகரில் சுமார் 4% அசெட்டிக் அமிலம் இருக்கிறது. அதையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து, டிஷ்யூ பேப்பரையோ துணியையோ நனைத்துக் கறை மேல் ஒட்டிவிடுங்கள். பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். பிறகு ஸ்பாஞ்சால் தேய்த்து அலசி வழியுங்கள். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) ஒரு டேபிள் ஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தும் இதையே செய்யலாம். கிரில் துரு ஒழுகி விட்ட காவிக் கறைக்கும் எலுமிச்சை உப்பு கேட்கும்.

கீழே சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திண்டில் கடப்பா கல்லோ மார்பிளோ போட்டிருந்தால் புளிப்பு பட்ட இடம் வெளுத்துவிடும். கடப்பா கல்லே ஒரு சுண்ணாம்புக் கல்தான். திண்டின் மேல் பழைய துணி ஒன்றை விரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

டாய்லெட் ஆசிட்டை ஜன்னல் பக்கமே கொண்டுவராதீர்கள். அலுமினியச் சட்டத்தையும் ஸ்டீல் வலையையும் அது தின்றுவிடும். வினிகரையோ ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வினிகருக்கும் மங்கல் போகவில்லை என்றால், கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கலாம். நாள்கணக்கில் தண்ணீர் நின்று காய்ந்து நின்று காய்ந்து வந்தால், கண்ணாடியில் உள்ள சோடியம் கசிந்து மேல்பரப்பு பொரிந்துவிடும். செடித் தொட்டித் தண்ணீர் தினமும் தெறிக்கும் ஜன்னலில் இதைப் பார்க்கலாம். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

நியூஸ்பேப்பரால் துடைப்பது நல்லதா?

ஈரத்தை எடுத்த பிறகு கடைசியாக ஒரு மெருகுக்கு நல்லதுதான், நூல் உதிராது. வெள்ளை யுபிவிசி (பிளாஸ்டிக்) சட்டத்தில் மட்டும் மை ஒட்டும். என் ஓட்டு பழைய வேட்டிக்குத்தான்.

கடையில் விற்கும் நீல நிற ஸ்ப்ரே?

கைரேகை, வாரா வாரம் ஒரு துடைப்பு, இதற்கெல்லாம் சௌகரியம். ஆறு மாதத் தூசிக்கு அது போதாது, சேறாகக் குழைந்துவிடும். வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு அம்மோனியா கலந்த ஸ்ப்ரே வேண்டாம், பாட்டில் பின்னால் படித்துவிட்டு வாங்குங்கள்.

சமையலறை ஜன்னலில் எண்ணெய்ப் பிசுக்கு. துடைக்கத் துடைக்கப் பரவுகிறதே?

தாளிக்கும் புகையும் தூசியும் சேர்ந்து மஞ்சள் பசையாக நிற்கிறது. பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பாத்திர லிக்விடைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்து, நனைத்த துணியைப் பிசுக்கின் மேல் ஐந்து நிமிடம் ஒட்டி வையுங்கள். ஊறினால் வழுக்கிக்கொண்டு வரும். அந்தத் துணியை மற்ற ஜன்னலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, குளிர்ந்த கண்ணாடி விரிசல் விட்டுவிடும். கம்பி நார், பச்சை நார், பாத்திரப் பவுடர் எதுவும் வேண்டாம். குடிவந்த புதிதில் பெயின்ட் புள்ளியை எடுக்க நான் கம்பி நாரால் தேய்த்தேன். புள்ளி போனது. வட்ட வட்டமான கீறல்கள் காலை வெயில் படும்போதெல்லாம் இன்றும் அந்தக் கண்ணாடியில் தெரிகின்றன.

அந்தப் பெயின்ட் புள்ளியை வேறு எப்படி எடுப்பது?

சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, புது பிளேடைக் கண்ணாடியோடு படுக்கவைத்த மாதிரி பிடித்து, ஒரே பக்கமாக முன்னே தள்ளுங்கள். பின்னால் இழுக்காதீர்கள், அடியில் மாட்டிய துகள் கீறும். டஃபன்டு கண்ணாடி (சூடாக்கி வலுவாக்கியது) என்று மூலையில் முத்திரை இருந்தால் பிளேடு வேண்டாம், அதில் கீறல் விழும் வாய்ப்பு அதிகம். சிமென்ட் தெறித்தால் ஈரமாக இருக்கும்போதே கழுவுங்கள், காய்ந்தால் கண்ணாடியை அரிக்கும். ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டால் உருண்டு வரும். பிறகு சோப்பு. யுபிவிசி சட்டத்தில் தின்னரோ பெட்ரோலோ படக் கூடாது.

சேனலையும் சுத்தம் செய்ய வேண்டுமா?

கண்டிப்பாக. கண்ணாடி மங்கினால் பார்வைக்குத்தான் குறை, சேனல் அடைத்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில், வெளிப்பக்கம், சின்னச் சின்ன நீள ஓட்டைகள் இருக்கும். சேனலில் விழும் மழைநீர் வெளியேறும் வழி அதுதான். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் படுக்கையறைச் சுவரில் தண்ணீர் வழிந்தது. ஜன்னல் கசிகிறது என்று நினைத்து சிலிகான் பூச ஆள் தேடினோம். வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு ஈர்க்குச்சியைக் கேட்டார். இரண்டு ஓட்டையிலும் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. குச்சியால் குத்தியதும் தேங்கியிருந்த தண்ணீர் குடுகுடுவென்று வெளியே போனது.

முதலில் காய்ந்த பிரஷால் மண்ணைக் கிளறி வேக்குவம் கிளீனரால் இழுங்கள், அது இல்லையென்றால் பிரஷாலேயே ஓரமாகத் தள்ளி அள்ளுங்கள். அப்புறம் ஈரத் துணியை ஸ்க்ரூ டிரைவர் நுனியில் சுற்றி ஓரம் ஓரமாகத் தள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைச் சேனலில் ஊற்றி, வெளியே வடிகிறதா என்று பாருங்கள். நகர மறுக்கும் ஜன்னலுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். காய்ந்த சேனலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே போதும்.

கொசுவலை?

வெல்க்ரோ வலை என்றால் மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து உரித்து, சோப்புத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்துக் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். சட்டத்தில் அடித்த வலைக்கு இரண்டு பக்கமும் பிரஷ், பிறகு ஈர ஸ்பாஞ்ச். அழுத்தினால் வலை தொய்ந்துவிடும், அந்த இடைவெளி கொசுவுக்குப் போதும்.

புறா எச்சம்?

காய்ந்ததைச் சுரண்டக் கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். மாஸ்க், கையுறை போட்டு, நன்றாக நனைத்து ஊறவிட்டுத் துடையுங்கள்.

மரச் சட்ட ஜன்னலுக்கு வேறு முறையா?

தண்ணீர் ஊற்றக் கூடாது, மரம் உப்பிக் கதவு சாத்த வராது. நன்றாகப் பிழிந்த துணி, உடனே ஒரு காய்ந்த துணி. செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது போன்ற பழைய வண்ணக் கண்ணாடி என்றால் கையால் அழுத்தவே வேண்டாம், கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மக்கு (புட்டி) காய்ந்திருக்கும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை?

உள்பக்கம் மாதம் ஒரு முறை, சமையலறை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. வெளிப்பக்கத்துக்குக் காலண்டரைப் பார்ப்பதைவிடக் காற்றையும் மழையையும் பாருங்கள். ஆடிக் காற்று அடித்து ஓய்ந்ததும் ஒரு முறை. புரட்டாசியில் மறுபடி, ஆனால் அப்போது கண்ணாடியைவிட முக்கியம் சேனல் ஓட்டைகள், வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. பொங்கலுக்கு எல்லோரும் போகிக்கு முன்பே துடைத்துவிடுகிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் வெளிப்பக்கத்தைப் போகி மதியத்துக்குத் தள்ளிவையுங்கள். விடியற்காலைப் புகையின் கரி முழுக்க அதில்தான் படியும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், தூத்துக்குடி என்று கடலோரம் இருந்தால் பத்து நாளைக்கு ஒரு முறையாவது வெறும் தண்ணீரால் அலசி வழித்துவிடுங்கள். கடல் உப்பு தண்ணீரிலேயே கரைந்துவிடும், சோப்பு தேவையில்லை. விட்டால் அலுமினியத்தில் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

எல்லாம் முடிந்து பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்றே தெரியவில்லை!

அடுத்த முறை கடைசித் துடைப்பை உள்பக்கம் இடவலமாகவும் வெளிப்பக்கம் மேல்கீழாகவும் வைத்துக்கொள்ளுங்கள். படுத்த கோடு என்றால் உள்ளே, நின்ற கோடு என்றால் வெளியே. இப்போதைக்குக் கண்ணாடியில் வாயால் ஊதி ஆவி படியவிட்டு, காய்ந்த வேட்டித் துணியால் அந்த இடத்தை மட்டும் ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள்.